நீக்க வேண்டியது எகரமா, அகரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக்கைப் பற்றி வந்த கட்டுரைக்கு முதலில் நன்றி. போலந்திலிருந்து பாரிசுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பத்தில் 1936இல் பிறந்து, 46 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது 1982இல் இறந்துபோன ஒருவரைச் சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்களுக்கு யாராவது அறிமுகப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்கள் இடறுகின்றன. ஒன்று, ஓர் எழுத்தை அறவே விலக்கி அவர் எழுதிய 1969ஆம் ஆண்டு நாவலைத் தமிழாக்கும்போது எகரத்தை நீக்கிவிட்டால் போதும் என்பது; அதே விதியில் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்கு ‘எ இல்லாமல் 100 சொல்’ என்று மாணவர் போட்டி வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இன்னொன்று, இதழ் ஒட்டாத நிரோட்டகம் பாடிய நமக்கு இதெல்லாம் பழைய சரக்கு என்பது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ‘லா திஸ்பாரிஸியோன்’ என்னும் அந்த நாவல் ஏறத்தாழ 300 பக்கம். ரோமன் நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து, ஆங்கிலத்தில் நாம் ‘ஈ’ என்று சொல்வது, அதில் ஓரிடத்திலும் கிடையாது. தலையில் குறி போட்ட வடிவங்களும் கிடையாது. பிரெஞ்சில் ஆறேழு எழுத்துக்கு ஒருமுறை வரும் எழுத்து அது. ‘தந்தை’, ‘தாய்’, ‘பெற்றோர்’, ‘குடும்பம்’, ‘நான்’ ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் அனைத்திலும் அது இருக்கிறது. ஜார்ஜ் பெரெக் என்ற பெயரில் மட்டும் நான்கு தடவை இருக்கிறது. தந்தை 1940 ஜூனில் போர்முனையில் இறந்தார். தாய் 1943 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. தாயைக் குறித்து அரசாங்கம் பின்னாளில் கொடுத்த தாளுக்குப் பெயர் ‘மறைவுச் சான்று’. நாவலின் தலைப்பில் இருப்பது அந்தச் சான்றில் உள்ள சொல்தான். ஆக, எந்த எழுத்து போனால் மொழிக்குள் ஒரு பிள்ளை அநாதையாகுமோ அந்த எழுத்தை அவர் எடுத்தார். தமிழில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு அளவுகோலும் அதுதான்.

எகரத்தை எடுத்தால் வலிக்காது என்று சொல்ல வரவில்லை. ‘என்று’ போய்விடும், அதை இழந்த தமிழ் உரைநடை நொண்டும். ‘பெயர்’, ‘பெண்’, ‘பெற்றோர்’, ‘செய்’ போய்விடும். ஆனால் அம்மா இருப்பார், அப்பா இருப்பார், தந்தை, மகன், மகள், அவன், அவள், அவர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருப்பார்கள். யாரும் காணாமல் போகாத வீட்டில் எதைத் தேடுவது?

எண்ணிப் பார்க்க விரும்புவோர் திருக்குறளின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 26 எழுத்து. (ரோமன் நெடுங்கணக்கிலும் 26. தற்செயல்தான் என்றாலும் பெரெக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்.) ஐந்து மெய்யைக் கழித்தால் 21. அவற்றில் அகரம் தனியாகவோ உயிர்மெய்யாகவோ வருவது 10 இடத்தில். எகரம் 2 இடத்தில். உங்கள் நாளிதழின் தலைப்புச் செய்திகளை எண்ணினாலும் பெரும்பாலும் அகரமே முன்னால் நிற்கும். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஐவர் 1997இல் தங்கள் நூலில் பிரெஞ்சின் ஐந்தாம் எழுத்தை விட்டுவிட்டு முதல் எழுத்தை நீக்கியதற்குக் காரணம் அவர்கள் மொழியில் மிக அதிகம் புழங்கும் எழுத்துகளில் அது ஒன்று. ரஷ்யப் பதிப்பில் ஓகார வடிவ எழுத்து போனது. நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி 2010இல் வந்த ஜப்பானியப் பதிப்பு. அங்கே இகரத்தை மட்டும் நீக்கினால் விளையாட்டாகிவிடும் என்று இகர வரிசை முழுவதையும், கி, சி, நி, மி, ரி என்று எட்டு ஒலிக்கும் உரிய எழுத்துகளை நீக்கினார்கள். சீன எழுத்தில் எழுதினாலும், வாசிக்கும்போது அந்த ஒலி வந்தால் தள்ளுபடி.

தமிழிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ‘அ’ என்ற தனி எழுத்தை மட்டும் நீக்கினால் சொல்லின் முதலில் வருவது மட்டுமே போகும். பள்ளிப் பிள்ளை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதனோடு க முதல் ன வரை 18 அகர உயிர்மெய்யும் போக வேண்டும். ஆக 247இல் 19. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தையும் சேர்த்தால் 24. ஐகாரத்தை என்ன செய்வது என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள்; ‘அகர இகரம் ஐகாரம் ஆகும்’ என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். பெரெக்கின் விதி தாளில் தெரியும் எழுத்துக்கு மட்டும், ஒலிக்கு இல்லை. ஆகவே ஐ, ஔ, ஆ மூன்றும் இருக்கலாம். ஐயையும் தடுத்தால் இரண்டாம் வேற்றுமை உருபு போய், எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இப்படி அகரத்தை எடுத்தபின் என்ன இருக்கும், என்ன இருக்காது? முதலில் போவது அம்மா, அப்பா, தந்தை, மகன், மகள், குடும்பம். ‘தாய்’ தப்பிக்கும், அது நமக்கு ஓர் இடைஞ்சல்தான். அவன், அவள், அவர், அது, இவன், இவள், எவன் எல்லாம் போகும். படர்க்கையில் ‘தான்’, ‘இது’, ‘யார்’ போன்ற சில மட்டும் நிற்கும். ‘அவர்கள்’ போவது முக்கியம். 1975இல் வந்த ‘டபிள்யூ அல்லது பால்யத்தின் நினைவு’ என்ற நூலைப் பெரெக் அந்த ஐந்தாம் எழுத்துக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார். அந்த எழுத்தின் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் ‘அவர்கள்’ என்ற சொல் மாதிரியே காதில் விழும். நாம் அகரத்தை நீக்கும்போது ‘அவர்கள்’ தானாகவே மறைகிறது. இப்படி ஒரு பொருத்தம் எகரத்தில் கிடைக்காது.

‘கள்’ விகுதி போகும். அதற்கு வழி தமிழிலேயே இருக்கிறது: பால்பகா அஃறிணைப் பெயர். ‘மூன்று நூல்’, ‘ஏழு வீடு’ என்று ஒருமையிலேயே எழுதிவிடலாம். உயர்திணைக்கு -ஆர், -ஓர், -மார். எண்ணில் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, நூறு உண்டு. இரண்டு, ஒன்பது, பத்து கிடையாது. இலக்கமாகப் போட்டு ஏமாற்றவும் முடியாது, ‘2’ என்பதை வாசகர் ‘இரண்டு’ என்றுதான் வாசிப்பார்.

பெரிய அடி வினையில் விழுகிறது. செய்த, வந்த, போகிற என்னும் பெயரெச்சங்கள் எல்லாம் அகரத்தில் முடிபவை, ஒன்றும் நிற்காது. ‘செய்யும்’, ‘போகும்’ நிற்கும். ஈறுகெட்ட எதிர்மறையான ‘செய்யா’, ‘காணா’ நிற்கும். அதாவது பெயருக்கு முன்னால் இறந்த காலத்தை வைக்கவே முடியாது: ‘தொலைந்த பிள்ளை’ என்று சொல்ல வழியில்லை, ‘காணாப் பிள்ளை’ என்று சொல்லலாம். செய்ய, போக, வர என்னும் எச்சங்களும் இல்லை. செய்து, ஓடி, போய் இருக்கின்றன. ‘செய்யாமல்’ இல்லை, பழைய ‘செய்யாது’ இருக்கிறது. ‘போனது’ இல்லை, ‘போயிற்று’ இருக்கிறது. ‘போல’ போய் ‘போன்று’, ‘பற்றி’ போய் ‘குறித்து’, ‘உடன்’ போய் ‘ஓடு’. ‘எனவே’, ‘ஆகவே’ இரண்டும் இல்லாததால் முடிவு சொல்லும் வாக்கியம் கட்டுவது கடினம். இந்த மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால் நடை கொஞ்சம் பழந்தமிழ் வாசம் அடிக்கும். அதைத் திருத்த முயலாமல் விடுவதே நல்லது. பெரெக்கின் பிரெஞ்சும் அப்படித்தான் ஒரு மாதிரி விறைப்பாக, அகராதியின் மூலைமுடுக்குச் சொற்களோடு நடக்கும்.

நகரத்தில் நடமாடவும் ஒரு வார்த்தை. அகரமில்லாத சிங்கப்பூரில் எம்ஆர்டி ஓடும், பேருந்து ஓடும். ஈசூன், பிடோக், தோ பாயோ, ஜூரோங், பொங்கோல், தேக்கா, சிராங்கூன் எல்லாம் போய் வரலாம். கோப்பி உண்டு, தே தாரிக் உண்டு, கடை கிடையாது. தெம்பனிஸ், அங் மோ கியோ, உட்லண்ட்ஸ் வரைபடத்தில் இல்லை. ‘சிங்கப்பூர்’ என்றும் எழுத முடியாது, ‘தமிழ்’ என்றும் எழுத முடியாது. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் போட்டியின் விதி புரிந்துவிடும், வேறு விளக்கம் வேண்டாம்.

மாதிரிக்குச் சில வரி. நாயகனின் பிரெஞ்சுப் பெயர் ஆந்தோன் வோய்ல். ‘உயிரெழுத்து’ என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஐந்தாம் எழுத்தைப் பிடுங்கினால் வருவது வோய்ல். தமிழில் ‘அந்தோணி’யின் தலை விழுந்தால் ‘தோணி’. அவனை அப்படியே கூப்பிடலாம்:

“தோணி தூங்கினான், விழித்தான், மீண்டும் தூங்கினான். வீடு, தெரு, நாற்காலி, நூல், பூனை எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்றைக் காணோம். கூவிக் கூவிப் பார்த்தான்; திரும்பிப் பார்ப்போர் யாரும் இல்லை. நூறு கோப்பைத் தேநீர் குடித்தும் தெளிவு இல்லை.”

புத்தகத்துக்குத் தலைப்பும் இதிலேயே இருக்கிறது. ‘மறைவு’ உதவாது, அதில் அகரம் உண்டு. ‘காணோம்’ என்று வைக்கலாம்.

பிழை பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் கவிழ்வார்கள். கணினியில் ‘அ’ என்று தேடிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று நிம்மதி அடையக் கூடாது. யுனிகோடில் உயிர்மெய்யின் அகரத்துக்குத் தனிக் குறியீடே கிடையாது. ‘கா’ என்பது க-வும் காலும். ‘க்’ என்பது க-வும் புள்ளியும். ‘க’ என்பது வெறும் க. ஆகவே தேட வேண்டியது, பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாமல் நிற்கும் மெய்க்குறியை. தேடல் கோவை (regex) வசதியுள்ள எந்த உரைத் தொகுப்பானிலும் [க-ஹ](?![ா-்]) என்று கொடுத்தால் அவ்வளவையும் காட்டிவிடும், பிறகு ‘அ’வைத் தனியாக ஒருமுறை தேடினால் போதும். ‘ௌ’ குறியை ஒற்றைக் கொம்பும் ள-வுமாகத் தட்டியிருந்தால் அந்த ள பொய்யாக மாட்டும், அதைத் திருத்திவிடலாம். கண்ணால் பார்ப்பவர்கள் வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். முன்னோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும். ‘பல’, ‘சில’, ‘இருந்த’, ‘என’ நான்கும் கண்ணில் படாமலே கடந்துவிடும். போட்டிக்கு 100 சொல் அதிகம். உயர்நிலை மாணவருக்கு 60 சொல், இரண்டு மணி நேரம். எழுத ஒரு மணி, பிழை பார்க்க ஒரு மணி.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நாவலில் 26 இயல், ஐந்தாவது இல்லை. ஆறு பாகம், இரண்டாவது இல்லை, உயிரெழுத்து வரிசையில் அது இரண்டாம் இடத்தில் வருவதால். கதைக்குள் ஒரு புத்தக அலமாரியில் 26 தொகுதி. அங்கேயும் ஐந்தாவது இல்லை. தமிழில் இயலையும் தொகுதியையும் முதலெழுத்துக் கணக்குப்படி (உயிர் 12, மெய் 18) 30 ஆக்கி, ஒன்றாவதை எடுக்க வேண்டும். நீண்ட இயல் நான்கைப் பிரித்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் நடுவில் விழும் ஓட்டை தெரிகிற மாதிரி முதலில் விழும் ஓட்டை தெரியாது. இயல் 2இல் தொடங்கும் புத்தகத்தை வாங்கியவர் அச்சுப் பிழை என்று கடைக்கே திருப்பிக் கொண்டுவருவார். பொருளடக்கத்தில் ஒன்றாம் எண்ணுக்கு ஒரு வெற்று வரி விட்டுவைத்தால் கொஞ்சம் காப்பாற்றலாம்.

நாவலுக்குள் கவிதையும் இருக்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. நடுவில் ஆறு புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிதைகளைப் பெரெக் அந்த எழுத்தில்லாமல் திரும்ப எழுதியிருக்கிறார்: மல்லார்மே ஒன்று, ஹ்யூகோ ஒன்று, போதலேர் மூன்று, ராம்போ ஒன்று. ஒவ்வோர் உயிரெழுத்துக்கும் ஒரு நிறம் சொல்லும் ராம்போவின் பாட்டில், ஐந்தாம் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஒரு வெற்றிடம்’ என்று வருகிறது. பிரெஞ்சில் வெள்ளைக்கும் வெற்றிடத்துக்கும் ஒரே சொல். இந்த ஆறையும் தமிழில் மொழிபெயர்த்தால் பயன் இல்லை. தமிழ் வாசகருக்கு மூலம் மனப்பாடமாக இருந்தால்தான் எது காணாமல் போனது என்று தெரியும். ஆகவே இடத்துக்கு நம் பாட்டைத்தான் வைக்க வேண்டும். அகரத்தைத் தலையில் வைத்துத் தொடங்கும் குறளைவிடப் பொருத்தமானது எது?

மூத்தோனை முன்னிட்டே மூண்டெழும் சொல்லெல்லாம்
பூமிக்கும் ஓரிறையே முன்.

தளை தட்டவில்லை. எதுகை மட்டும் போய்விட்டது. மூலத்தில் எதுகையாக இருந்ததே ககரம்தான், அதுவும் தடைப் பட்டியலில். ‘முதல்’ என்ற சொல்லும் கிடையாது என்பதால் ‘முன்’. ‘உலகு’ கிடையாது என்பதால் ‘பூமி’. இதைவிடச் சிறப்பாக எழுத உங்கள் வாசகர்களில் பலரால் முடியும்.

இனி இரண்டாவது இடறல். இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நிரோட்டகத்தில் ப, ம, வ வரிசைகளும் உ, ஊ, ஒ, ஓ, ஔ-வும் தள்ளுபடி. துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் அப்படி 30 பாட்டு, அதையும் யமகமாக (ஒரே எழுத்துத் தொடர் வேறு வேறு பொருளில் அடிதோறும் திரும்ப), அதையும் அந்தாதியாக (ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக) பாடினார். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பெரெக்கும் 1969இல் 5,000 எழுத்துக்கு மேல் நீளும் ஒரு மாலைமாற்று எழுதினார். வித்தையில் நாம் மூத்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ‘நிரோட்டக யமக அந்தாதி’ என்று தலைப்பிலேயே விதியை அறிவித்துவிட்டுப் பாடுகிறார் சிவப்பிரகாசர். கேட்பவர் வியக்க வேண்டும். பெரெக் விதியை ஒளிக்கிறார். நாவல் வந்தபோது விமர்சகர் ஒருவர் எழுத்து குறைவதைக் கவனிக்காமலே மதிப்புரை எழுதி முடித்தார். கதையில் யாராவது எது காணோம் என்று கண்டுபிடிக்க நெருங்கினால் செத்துப்போகிறார்கள். இப்படி எழுத்தை வைத்து வித்தை காட்டும் சித்திரகவியில் இல்லாத எழுத்து புலமைக்குச் சான்று. இங்கே அது துக்கம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டுக்குமே நியாயமில்லை.

சித்திரகவி தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே விருந்து வேண்டுமென்றால், 1978இல் மெதிசிஸ் என்னும் பிரெஞ்சு இலக்கியப் பரிசு பெற்ற ‘வாழ்க்கை: பயன்பாட்டுக் குறிப்பு’ நாவலின் 51ஆம் இயலுக்குப் போகலாம். பாரிசின் ஓர் அடுக்குவீட்டுக் கட்டடத்தைப் பத்துக்குப் பத்து கட்டமாக வரைந்து, சதுரங்கக் குதிரை போகும் வழியில் அறை அறையாக நகரும் 99 இயல் நாவல் அது. நடுவில் திடீரென்று 179 வரி நீளும் ஒரு கவிதை. வரிக்கு ஒரு கதை. ஒவ்வொரு வரியும் இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 60 எழுத்து. மூன்று பத்தி: 60, 60, 59. முதல் பத்தியின் முதல் வரியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து 60ஆம் இடத்தில், அடுத்த வரியில் 59ஆம் இடத்தில், இப்படியே சரிந்து அறுபதாம் வரியில் முதல் இடத்துக்கு வரும். அடுத்த பத்தியில் வேறோர் எழுத்து, மூன்றாவதில் இன்னொன்று. மூன்றையும் சேர்த்தால் ‘ஆன்மா’ என்னும் பிரெஞ்சுச் சொல். மூன்றாம் பத்தியில் ஒரு வரி குறைகிறதே, அந்த வராத 180ஆம் வரி எந்த எழுத்தில் தொடங்கியிருக்க வேண்டும்? அதே ஐந்தாம் எழுத்தில்.

டேவிட் பெல்லோசின் ஆங்கிலப் பதிப்பில் இதற்கு ‘ஈகோ’ என்ற சொல்லின் மூன்று எழுத்து. தமிழில் நமக்கு ‘உயிர்’ இருக்கிறது: உ, யி, ர். மூன்றே எழுத்து. ஆன்மா என்ற பொருளும் உண்டு, உயிரெழுத்து என்ற பொருளும் உண்டு. பிரெஞ்சுக்குக்கூட இந்த வசதி இல்லை. எண்ணும்போது ‘க்’, ‘கொ’ எல்லாம் ஒவ்வோர் எழுத்து என்று தமிழ்க் கணக்கில் எண்ண வேண்டும். கணினி காட்டும் எண்ணிக்கை அதைக் கூட்டிக் காட்டும். அச்சில் மூலைவிட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், நம் எழுத்துருக்களில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால், 60 கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அடுக்க வேண்டும்.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். தனி ‘உ’ சொல்லுக்கு முதலில் மட்டும் வருவது. முதல் வரியில் அது 60ஆம் இடத்தில், கடைசி எழுத்தாக நிற்க வேண்டும். பிள்ளையார் சுழியைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த வரி கடிதம் எழுத உட்காரும் ஒருவரைப் பற்றியதாக இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாம் வரிக்கு ‘உன்’, ‘உள்’, ‘உம்’ மூன்றில் ஒன்று. அதற்குப் பிறகு இறங்க இறங்கச் சுலபம். இரண்டாம் பத்தியில் ‘யி’ நடுவில் தாராளமாகக் கிடைக்கும்: கோயில், தாயின், பாயில். முதல் வரி ‘முத்தாயி’ என்று முடியலாம். அறுபதாம் வரி ‘யி’யில் தொடங்க வேண்டும், தமிழில் அது மொழிக்கு முதலில் வராது. ‘யிட்டிஷ்’ என்று தொடங்கலாம், பெரெக்கின் வீட்டார் பேசிய மொழி. மூன்றாம் பத்தி ‘ர்’. முதல் வரியின் இறுதி முதல் 59ஆம் வரியின் இரண்டாம் எழுத்து வரை அது தடையில்லாமல் இறங்கி வரும். 180ஆம் வரி ‘ர்’ என்ற மெய்யில் தொடங்க வேண்டும். மெய் தமிழில் எந்தச் சொல்லுக்கும் முதலாகாது. பெரெக் வேண்டுமென்றே விட்ட வரியை நம் இலக்கணமே எழுத விடாது.

கடைசியாக, இந்த வேலையில் இறங்குவோர் ஆங்கிலத்தின் வழியே போக வேண்டாம். 1994இல் கில்பர்ட் அடேர் செய்த ஆங்கிலப் பதிப்பு அருமையானது. ஆனால் அவரும் நாம் மேலே சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அந்தக் கவிதைகள் பலவற்றின் இடத்தில் எட்கர் ஆலன் போவின் காக்கையையும் ஹாம்லெட்டின் தனிமொழியையும் தன் மக்களுக்காக வைத்திருக்கிறார். அதிலிருந்து மொழிபெயர்த்தால் பாரிஸ் நாவலுக்குள் டென்மார்க் இளவரசன் வந்து நிற்பான், ஏன் நிற்கிறான் என்று யாருக்கும் விளங்காது.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் இருவர்,
பீஷான்